நீல மாத்திரையும் பூச்சி மாத்திரையும்



"மாமா, ரத்தத்துல இரும்பு இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. அப்போ காந்தத்தைக் கையில வெச்சா ஏன் ஒட்டல?" ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்ட கேள்வி இது. எவ்வளவு அருமையான கேள்வி பார்! பாடத்தைக் கேட்டதோடு நிற்காமல், வீட்டில் இருந்த காந்தத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தே பார்த்திருக்கிறது அந்தப் பிள்ளை. இப்படிச் செய்து பார்க்கும் பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீயும் அந்த ரகம்தான், எனக்குத் தெரியும்.

முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். ஆணியில் இருக்கும் இரும்பில் கோடிக்கணக்கான இரும்பு அணுக்கள் நெருக்கமாகச் சேர்ந்து, ஒரே பக்கம் திரும்பி நிற்கும். அதனால் காந்தம் அதைச் சட்டென்று இழுக்கும். ரத்தத்தில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு இரும்பு அணுவும் ஹீமோகுளோபின் என்ற புரதத்துக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. தனியாக இருக்கும் அணுவைக் காந்தம் இழுப்பது மிக மிகக் கொஞ்சம்தான். 1936-இல் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை அளந்தே பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைக் காந்தம் துளியூண்டு இழுத்தது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைத் துளியூண்டு தள்ளியது! கையில் வைத்துப் பார்த்தால் தெரியாத அளவு அது.

புரிகிறதா? இரும்பு இருப்பது உண்மை. ஆனால் ஆணியாக இல்லை.

அந்த இரும்புக்கு என்ன வேலை? ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுரையீரலில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காலுக்கோ கைக்கோ மூளைக்கோ கொடுத்துவிட்டுத் திரும்பும். நீ ஓடும்போது காலுக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். கணக்குப் போடும்போது மூளைக்கு வேண்டும். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அதைத்தான் ரத்தசோகை என்கிறோம்.

ரத்தசோகை வந்த பிள்ளை எப்படி இருக்கும்? மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இல்லாமல் வெளிறி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் தலை தொங்கும். "சோம்பேறி" என்று திட்டு வாங்கும். பாவம், அது சோம்பேறித்தனம் இல்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சில பிள்ளைகளுக்குப் பல்பம் தின்னத் தோன்றும். சுவரைச் சுரண்டித் தின்னத் தோன்றும். பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றும். உன் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் கேலி செய்யாதே, கண்ணு. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளிடம் இந்த ஆசை அடிக்கடி வருவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். டீச்சரிடம் மெதுவாகச் சொல்லு. அடுத்து செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை.

இப்போது ஒரு முக்கியமான சேதி. இதை நன்றாகப் பிடித்துக்கொள்.

ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தம் மூன்று, நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. அதை உடம்பு ரொம்பச் சிக்கனமாகக் கையாள்கிறது. ரத்தத்தில் ஓடும் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். வயதாகி அது உடைந்ததும், உள்ளே இருந்த இரும்பை உடம்பு பத்திரமாக எடுத்துப் புதுச் சிவப்பணுவுக்குக் கொடுத்துவிடும். உப்பு அதிகமானால் சிறுநீரில் தள்ளும் உடம்பு, இரும்பை வெளியே தள்ள வழி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தோல் உதிர்வதிலும் குடலின் உள்தோல் உதிர்வதிலும் பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவு போகும். அவ்வளவுதான்.

அப்படியானால் இரும்பு எப்படித்தான் குறைகிறது? யோசித்துப் பார்.

ஒன்று, நீ வளர்கிறாய். போன வருஷச் சட்டை இந்த வருஷம் பிடிக்கிறது இல்லையா? உடம்பு பெரிதானால் ரத்தமும் கூட வேண்டும், அதற்கு இரும்பும் கூட வேண்டும். சாப்பாட்டிலிருந்து வருவது போதவில்லை என்றால் தட்டுப்பாடு. இரண்டாவது, ரத்தமே உடம்பை விட்டு வெளியே போவது. பெரியவளான அக்காக்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் ரத்தம் போகிறது. அது இயற்கை. ஆனால் ஆண், பெண், சின்னவர், பெரியவர் என்று பார்க்காமல் ரத்தத்தைத் திருடும் ஆள் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் இன்று நிறையப் பேசப் போகிறேன்.

அவன்தான் கொக்கிப்புழு.

உன் அளவுகோலை எடு. ஒரு சென்டிமீட்டரைப் பார். வளர்ந்த கொக்கிப்புழுவின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். வெள்ளையாக, நூலிழைப் பருமனில் இருக்கும். அதன் வாயில் வெட்டுவதற்கென்றே தகடுகளோ பற்களோ உண்டு. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஒரு பொருளையும் சுரக்கும். அதோடு விடுகிறதா? இடம் மாறி மாறிக் கடிக்கும். அது விட்டுப் போன புண்ணிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும்.

சரி, இது வயிற்றுக்குள் எப்படி வந்தது? "சாப்பாட்டோடு வந்திருக்கும்" என்று நீ நினைப்பாய். உலகத்தில் இருந்த டாக்டர்களும் ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மை தெரிய வந்த கதை வெகு சுவாரசியமானது.

எகிப்து நாட்டின் கெய்ரோ நகரம். 1890-களின் கடைசி. ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அங்கே கொக்கிப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் நிறைந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சோதனை விலங்குகளின் வாயில் விடுவது அவர் வேலை. அப்போது ஒரு சொட்டு தவறி அவர் கையில் விழுந்தது. நீயாக இருந்தால் துடைத்துக்கொண்டு மறந்திருப்பாய், இல்லையா? லூஸ் கவனித்தார். சொட்டு விழுந்த இடம் கொஞ்ச நேரத்தில் அரித்தது. சிவந்தது. அந்தத் தண்ணீரை மறுபடி எடுத்துப் பார்த்தால் இளம்புழுக்களைக் காணோம், அவை விட்டுப்போன தோலுறைகள் மட்டும் இருந்தன. புழுக்கள் எங்கே போயின?

அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் மலத்தைத் தானே நுண்ணோக்கியில் சோதிக்க ஆரம்பித்தார். சில வாரங்கள் கழித்து அதில் கொக்கிப்புழுவின் முட்டைகள் தெரிந்தன! புழு வாய் வழியாக வரவில்லை, தோலைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. 1898-இல் அவர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. அவரோ விடாமல் வருஷக்கணக்கில் உழைத்து, புழு போகும் பாதை முழுவதையும் கண்டுபிடித்துக் காட்டினார்.

அந்தப் பாதையை நாமும் ஒரு தடவை நடந்து பார்ப்போமா? கொக்கிப்புழு இருக்கும் ஒருவர் வெட்டவெளியில் ஒரு புதரடியில் மலம் கழிக்கிறார். அதில் ஆயிரக்கணக்கான முட்டைகள். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரண்டு நாளில் முட்டை பொரிகிறது. ஒரு வாரம், பத்து நாளில் இளம்புழு தயார். நீளம் அரை மில்லிமீட்டர்தான். நீ பந்தை எடுக்கச் செருப்பில்லாமல் அந்தப் புதருக்குள் போகிறாய். கால்விரல் இடுக்கில் சுருக்கென்று ஓர் அரிப்பு. புழு உள்ளே போயாயிற்று. ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரலுக்கு. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. எச்சிலோடு நீ அதை விழுங்கிவிடுகிறாய். கடைசியில் சிறுகுடல். காலில் நுழைந்து குடலில் முட்டையிடும் அளவுக்கு வளர ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். பிறகு வருஷக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

கொஞ்சம் அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். தெரிந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும்.

இப்போது நோட்டையும் பென்சிலையும் எடு. ஒரு கணக்குப் போடலாம். தென்னிந்தியாவில் அதிகம் இருக்கும் கொக்கிப்புழு வகையில் ஒரு புழு, நாளுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தைப் போக்கும். ஒரு சொட்டுக்கும் குறைவு. "பூ, இவ்வளவுதானா?" என்கிறாயா? ஒரு பிள்ளையின் குடலில் நூறு புழு இருப்பதாக வைத்துக்கொள். எல்லோருக்கும் அத்தனை இருக்காது. ஆனால் சிலருக்கு இருக்கும். 0.03-ஐ நூறால் பெருக்கு. 3 மில்லிலிட்டர். முப்பது நாளைக்கு? 90 மில்லிலிட்டர்!

அந்த 3 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒன்றேகால் மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கும். கொஞ்சத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மீதி போய்விடும். சோறும் குழம்பும் கீரையும் சாப்பிட்டு ஒரு பிள்ளையின் உடம்பு நாள் முழுவதும் சேர்ப்பதே ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். வருவதும் போவதும் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. வளர்வதற்கு எங்கே மிச்சம்?

இது வெறும் நோட்டுக் கணக்கு இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் பெம்பா என்று ஒரு தீவு இருக்கிறது. 1990-களில் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தையும் மலத்தையும் சோதித்தார்கள். கடுமையான ரத்தசோகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று தெரிந்தது.

ஆகவே கண்ணு, நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதில் ஒரு பங்கு புழுவால் வீணாகும். புழுவை மட்டும் விரட்டினால், இதுவரை இழந்த இரும்பு தானாகத் திரும்பி வராது. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். அதனால்தான் உன் பள்ளியில் இரண்டையும் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தரும் திட்டம் 2013-ஐ ஒட்டி எல்லா இடங்களுக்கும் வந்தது. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை நீல மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும், புதுச் சிவப்பணு உண்டாக உதவும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர் மாத்திரை, 45 மில்லிகிராம். 2015-இலிருந்து குடற்புழு நீக்க நாள் என்று தனியாக வைத்து, அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையும் கொடுக்கிறார்கள். அது புழுவைச் சர்க்கரை எடுத்துக்கொள்ள விடாது. புழு பட்டினியில் செத்து, மலத்தோடு போய்விடும். இதை விழுங்கக் கூடாது, நன்றாக மென்று தின்ன வேண்டும். கொக்கிப்புழுவோடு உருண்டைப்புழுவுக்கும் இது நல்ல மருந்து. சாட்டைப்புழு மட்டும் கொஞ்சம் அழுத்தக்காரன், ஒரே மாத்திரைக்கு அசைய மாட்டான்.

நூறு வருஷத்துக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளர்களை இந்தப் புழு படாத பாடு படுத்தியது. அன்று உலகமெங்கும் இதற்குக் கொடுத்த மருந்துகள் கடுமையானவை. பேதி மருந்தும் சேர்த்துக் குடிக்க வேண்டும், தலை சுற்றும். உனக்கோ மெல்லுவதற்கு ஒரே ஒரு மாத்திரை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பார்!

"இரும்பு இவ்வளவு நல்லது என்றால் தினமும் ஏன் தருவதில்லை, வாரம் ஒன்றுதானே தருகிறார்கள்?" என்று கேட்கிறாயா? கேட்பாய் என்று எதிர்பார்த்தேன்! காலையில் மணி அடித்ததும் உன் பள்ளியில் கேட்டை மூடிவிடுவார்கள் அல்லவா? பிந்தி வந்த பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியதுதான். உன் குடலிலும் அப்படி ஒரு கேட் இருக்கிறது. நிறைய இரும்பு ஒரே நேரத்தில் உள்ளே வந்ததும் கல்லீரல் மணி அடிக்கும். அந்த மணியின் பெயர் ஹெப்சிடின். அது ஒரு ஹார்மோன். உடனே கேட் மூடும், ஒரு நாளுக்கு அப்படியே இருக்கும். அடுத்த நாளே இன்னொரு மாத்திரை போட்டால் அதில் கொஞ்சம்தான் உள்ளே போகும், மீதி வெளியே நின்று வயிற்றைப் புரட்டும். ஒரு வாரம் விட்டுக் கொடுத்தால் கேட் நன்றாகத் திறந்திருக்கும். ரத்தசோகை வந்துவிட்ட பிள்ளைக்கு டாக்டர் இதைவிட அடிக்கடி கொடுப்பார். அது சிகிச்சை. உன் வார மாத்திரை, வராமல் காப்பதற்கு.

சில பள்ளிகளில் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, மண்ணில் நீல மாத்திரைகள் பாதி கரைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் எறிந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஏன் எறிகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை போட்டபோது குமட்டியிருக்கும். இல்லையென்றால் மறுநாள் மலம் கறுப்பாகப் போய்ப் பயந்திருப்பார்கள். கறுப்பாவதற்குக் காரணம், குடல் எடுத்துக்கொள்ளாத மீதி இரும்பு. பயமே வேண்டாம். குமட்டாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். வெறும் வயிற்றில் போடாதே. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் போடு. நிறையத் தண்ணீர் குடி.

பூச்சி மாத்திரை போட்ட அன்று, வயிற்றில் நிறையப் புழு இருக்கும் பிள்ளைகளுக்கு லேசாக வயிறு வலிக்கலாம், வாந்தி வருகிற மாதிரி இருக்கலாம். சீக்கிரம் சரியாகிவிடும். டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் படுத்துக்கொள். அன்றைக்குக் காய்ச்சலாக இருந்தால் அதையும் சொல்லு. விட்டுப்போனவர்களுக்குக் கொடுக்கத் தனியாக ஒரு நாள் வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வீட்டில் இருக்கும் இரும்பு மாத்திரையைத் தம்பி, தங்கை கையில் கிடைக்க விடாதே. அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையைச் சின்னக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து. தலசீமியா மாதிரி வேறு ரத்த நோய் இருக்கும் பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை போடக் கூடாது.

சரி, மாத்திரை போட்டாயிற்று, புழு செத்தது. கதை முடிந்ததா? இல்லை. மாத்திரை உன் குடலைத்தான் சுத்தம் செய்தது. புதரடி மண் அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கே வெறுங்காலோடு போனால் புதுப் புழு ஏறும். கொக்கிப்புழு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். தாத்தாவும் பக்கத்து வீட்டு மாமாவும் மாத்திரை போடாமல் வெட்டவெளிக்குப் போய்க்கொண்டிருந்தால் மண்ணில் முட்டை விழுந்துகொண்டேதானே இருக்கும்?

இதே கேள்வியை எடுத்துக்கொண்டுதான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள் ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் திமிரி வட்டாரத்திலும் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். சில ஊர்களில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை. மற்ற ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று வருஷம் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி என்ற இரண்டு நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. ஜவ்வாது மலையில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நின்று மாத்திரை கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

உன் பங்குக்கு நீ செய்யக்கூடியது இரண்டு. வெளியே போனால் செருப்பு. வெளிக்குப் போனால் கழிப்பறை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பில் சின்னப் பங்கைத்தான் குடல் எடுக்கும். கறி, மீன், ஈரலில் இருப்பதைக் கூடுதலாக எடுக்கும். ஆனால் கீரைச் சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால், அதில் இருக்கும் வைட்டமின் சி, கீரையின் இரும்பையும் கூடுதலாக உள்ளே போக வைக்கும். பாட்டியின் இரும்புச் சட்டியைப் பரணில் போட்டுவிட்டீர்களா? இறக்கச் சொல்லு. அதில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பிலும் கொஞ்சம் இரும்பு சேரும்.

டீ மட்டும் இதற்கு எதிர்வேலை செய்யும். டீயில் இருக்கும் டானின், இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், மாத்திரையோடு வேண்டவே வேண்டாம். நான் சொன்னால் அப்படியே நம்பிவிடுவாயா? நம்பாதே, செய்து பார்! பால் சேர்க்காத திக்கான டீயை இரண்டு பழைய டம்ளர்களில் ஊற்று. கண்ணாடி டம்ளராக இருந்தால் நல்லது. ஒன்றில் துருப்பிடித்த ஆணி ஒன்றை அப்பாவை விட்டுப் போடச் சொல்லு, நீ தொடாதே. இன்னொன்றை அப்படியே விடு. யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி "சோதனை" என்று சீட்டு ஒட்டி, உயரத்தில் வை. மறுநாள் இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பார். ஆணி போட்ட டம்ளரில் என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று யோசித்து எனக்கு ஒரு கடிதம் எழுது. எழுதுமுன் டீயைக் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள், கண்ணு.